மரியாதை கூடினாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்

மாலை நாலு பத்துக்கு என் மகன் நெஞ்சில் விசில் நின்றது.

அதுவரை அவன் மூச்சு விடும் சத்தம் அறைக்கு வெளியே வரை கேட்டுக்கொண்டிருந்தது. நின்றதும் பக்கத்தில் இருந்த நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். அவனைக் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்த அவனுடைய முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டார். திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. அறையில் எல்லோருக்கும் நிம்மதி. நான் மட்டும் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு இந்த வருடம் வந்து சேர்ந்த நர்சுகள் உங்களுக்காக, மூச்சுச் செயலிழப்பின் வகைகளைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வகைகளைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். நன்றாகவே போட்டிருக்கிறார்கள். பரீட்சைக்கு அதுதான் வரும். வார்டுக்கு வருவது வேறு. கால் நூற்றாண்டு திருப்பூரில் நர்சாக இருந்து, முதுகு ஒத்துழைக்காமல் போன வருடம் வேலையை விட்டவள் என்ற தகுதியில் அந்த வேறு ஒன்றைச் சொல்கிறேன். இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு. நீங்கள் எனக்குக் 'கிளிப் அக்கா' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

பெயர் பொருத்தமானதுதான். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் அந்தச் சின்னக் கிளிப் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் யாராவது படியேறி வந்து பெருமூச்சு விட்டால் போதும், விரலைப் பிடித்துவிடுவேன். ஒரு முறை மாப்பிள்ளைக்கே மாட்டினேன். ஆக்சிஜன் நன்றாக இருந்தது. நாடிதான் ஓட்டமாக ஓடியது. அது மருத்துவப் பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டேன்.

இந்தப் பழக்கத்தால் அதிகம் அவதிப்பட்டவன் என் மகன் ஜோயல். குழந்தையிலிருந்தே அவனுக்கு வீசிங். இப்போது இருபத்திரண்டு வயது. சாப்பிட உட்கார்ந்தால் நான் கிளிப்போடு போய் நிற்பேன்.

"நான் புரோட்டாவப் பிய்க்கவா, ஒனக்கு வெரல நீட்டவா?" என்பான்.

"இடது கையக் குடுல. அது சும்மாதானே கெடக்கு."

"எளவு, இந்த ஊட்டுல நிம்மதியா மூச்சுகூட விட முடியல."

எங்களுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். இங்கே பிறந்து வளர்ந்ததால் அவன் வாயில் வீடு ஊடாகிவிட்டது. மற்றதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் குடும்பத்தில் பாசம் கூடினால் வசவும் கூடும். அதிலும் ஜோயலுக்கு எதற்கெடுத்தாலும் 'எளவு'தான். பட்டன் அறுந்தால் எளவு, பஸ்ஸை விட்டால் எளவு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது சொன்னதற்காக, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே அவன் முதுகில் ஒன்று போட்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பிறகு நடந்தது உங்களுக்குப் புரியும்.

முதலில் வேறொருவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலையில் இருந்தபோது வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் வார்டுக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கப் பிடித்த சிகரெட்டால் நுரையீரல் கெட்டிருந்தது. மூச்சு முட்டுகிற நிலையிலும், படுக்கை விரிப்பை மாற்ற வந்த அம்மாளிடம், "உங்களுக்குச் சிரமம் குடுத்துப்போட்டேனுங்க" என்று சொன்னார். நான் ஊசி குத்தி முடித்ததும் என்னைப் பார்த்து, "கை வலிக்குதுங்களா சாமி?" என்று கேட்டார். குத்து வாங்கியவர் அவர். அப்படி ஒரு மரியாதை.

அவருக்கு ஆக்சிஜன் அளவைத் தொண்ணூறை ஒட்டி வைத்தால் போதும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவர் மகன் மூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. மூர்த்தி பனியன் ஏற்றுமதி செய்பவர். ஒரு தையல் விலகியிருந்தால் கப்பலில் போன மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும் தொழில் அது. தொண்ணூறு என்பது அவர் கண்ணுக்கு ரிஜெக்ட் சரக்கு. நான் அடுத்த படுக்கைக்குத் திரும்பிய நேரத்தில், சுவரில் இருந்த ஆக்சிஜன் திருகை அவரே நன்றாகத் திறந்துவிட்டார். எண் மெல்ல ஏறி நூறைத் தொட்டது. அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். எல்லோரும் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பெரியவரிடம் போய், "ஐயா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"போடி அக்கட்டால" என்றார் பெரியவர்.

அப்பால் போ என்கிறார், அதுவும் 'டி' போட்டு. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். மூர்த்தி ஓடிவந்து என் முன்னால் நின்றார். "சிஸ்டர், எங்கய்யன் ஒரு பொம்பளையக்கூட வாடி போடின்னு சொன்னதில்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"மாமா இப்படிப் பேசுவாருன்னு நாங்க கனவுலகூட நெனைக்கலீங்க" என்றார் மருமகள். "நீங்க உக்காருங்க. ஏனுங்க, சிஸ்டருக்கு ஓர் எளநி வாங்கியாரச் சொல்லுங்க."

வேறு ஊராக இருந்தால் பெரியவர் திட்டியதும் சண்டை வந்திருக்கும், சண்டைக்கு நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மன்னித்துவிட்டேனா என்று குடும்பமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் தலை மார்பின் மேல் சரிந்துகொண்டிருந்தது.

அவர் கையைப் பிடித்தேன். சூடாக, சிவந்து இருந்தது. நீட்டச் சொன்னபோது விரல்கள் கொடியில் காயும் துணி போல் படபடத்தன. அப்போதுதான் திருகைப் பார்த்தேன். உத்தரவில் இருந்த அளவுக்கு அதைக் குறைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நூறு காட்டிய அந்த உடம்பில் கரியமில வாயு ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. காற்றை அழுத்தித் தள்ளும் முகமூடியை மாட்டினோம்.

வெளியே மூர்த்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நூறு இருந்துச்சுங்களே சிஸ்டர்" என்றார்.

அவருக்குப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் ஏறாது. "உங்க சாயப்பட்டறை எதனால நிக்கும்?" என்று கேட்டேன்.

"தண்ணி லாரி வரலீன்னா நிக்குமுங்க."

"வேற?"

"சுத்திகரிப்பு மெஷின் ரிப்பேராகிக் கழிவுத் தொட்டி நெறஞ்சா நிக்குமுங்க. அப்புறம் எத்தன லாரி தண்ணி வந்தாலும் சாயம் போட முடியாதுங்க. வெளிய ஒரு சொட்டு விடக் கூடாதுங்களே."

"உங்கய்யனுக்குத் தொட்டி நெறஞ்சுபோச்சுங்க. நீங்க லாரிய வரச்சொல்லிட்டே இருந்தீங்க. இவர மாதிரி நுரையீரல் இருந்தா, லாரி கூடக் கூடத் தொட்டி இன்னும் சீக்கிரம் நெறையும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வகை என்பது இவ்வளவுதான், பிள்ளைகளே. நல்ல காற்று உள்ளே சேரவில்லை என்றால் முதல் வகை. கெட்ட காற்று வெளியே போகவில்லை என்றால் இரண்டாம் வகை. கொரோனா வந்து நம் ஊருக்கு முதல் வகையை வீடு வீடாகப் பாடம் நடத்திவிட்டுப் போனது. அதனால் எல்லோர் வீட்டிலும் கிளிப் இருக்கிறது, எல்லோருக்கும் எண் தெரியும். கிளிப் லாரியை மட்டும்தான் எண்ணும். தொட்டியை எட்டிப் பார்க்காது. அதற்காக மூச்சுத் திணறி வருகிறவருக்கு ஆக்சிஜன் வைக்கத் தயங்காதீர்கள். வையுங்கள், வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள்.

பெரியவர் மறுநாள் தெளிந்தார். தான் என்ன சொன்னோம் என்று கேள்விப்பட்டதும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போனபிறகு வார்டு முழுக்கப் பனியன் அனுப்பினார். எல்லாம் வெளிநாட்டு ராட்சதர்களுக்கான அளவு. எங்கள் லிஃப்ட் ஆபரேட்டருக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. என்னிடம், "பையன் என்ன படிக்கறாப்பல? முடிச்சதும் நம்ம கம்பெனிக்கு அனுப்பி வையுங்க சாமி" என்றார். அப்படித்தான் ஜோயல் மூர்த்தியிடம் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தான். வெளிநாட்டுக்காரனிடம் ஆர்டர் வாங்கி, அதை இங்கே துரத்தித் துரத்தி முடிக்கிற வேலை. அவன் வாய்க்கு ஏற்ற வேலை.

அன்றிலிருந்து வார்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: நோயாளிக்கு மரியாதை குறைந்தால் கோபித்துக்கொள்ளாதே, டாக்டரைக் கூப்பிடு. நல்ல பாடம்தான். ஆனால் பாதிப் பாடம்.

மீதிப் பாதி அந்த நாலு பத்துக்கு வந்தது.

குளிர் நாட்டுக்குப் போகும் கம்பளி மாதிரித் துணிக்கு, உள்பக்கத்தைச் சுரண்டிப் பஞ்சு எழுப்புவார்கள். அந்த மெஷின் ஓடும் இடத்தில் தூசி பனி மாதிரி மிதக்கும். ஷிப்மென்ட் அவசரத்தில் ஜோயல் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போய் நின்றிருக்கிறான். காலையிலிருந்தே நெஞ்சு இறுக்கமாக இருந்திருக்கிறது. சொன்னால் நான் கிளிப்போடு கம்பெனிக்கே வந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறான். அதுவும் நியாயமான பயம்தான், வந்திருப்பேன்.

மூர்த்தி பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் செய்தார். "சிஸ்டர், ஒண்ணுமில்லீங்க, பதறாம மெதுவா வாங்க" என்றார். இந்த ஊரில் இவ்வளவு காலம் இருந்தவளுக்கு அதைவிடப் பதற வைக்கும் வாக்கியம் கிடையாது. ஆட்டோவில் பாதி வழி நின்றுகொண்டே போனேன்.

நான் போனபோது அவன் கட்டிலில் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தை.

"எளவு... ஷிப்மென்ட்... போச்சு."

வைகிறானே, மூளை வேலை செய்கிறது என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மருந்துப் புகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் வைத்ததும் எண் ஏறத் தொடங்கியது. அதுவரை அது முதல் வகை.

பிறகு விசில் நின்றது. நான் அவன் கன்னத்தைத் தட்டி, "ஏல, எப்படியிருக்கு?" என்றேன்.

அவன் பாதிக் கண்ணைத் திறந்தான். "நல்லா இருக்கேன்மா. நீங்க உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்றான்.

நர்ஸ் பெண்ணுக்கு அப்படியே மனம் குளிர்ந்துவிட்டது. "எவ்வளவு தன்மையான தம்பிங்க" என்றாள். அவள் வளர்ந்த வீட்டில் பிள்ளைகள் பெற்றவர்களிடம் அப்படித்தான் பேசும். அவள் காதுக்கு அது நல்ல வளர்ப்பு. என் காதுக்கு அது அபாய மணி.

"அவன் நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேளும்மா."

"வீசிங் சத்தமே இல்லீங்க அம்மா. தெளிஞ்சிருச்சுங்க."

"மூச்சுச் சத்தம் இருக்கா?"

அவள் மறுபடி வைத்துக் கேட்டாள். விசில் அடிக்கக்கூடக் காற்று வேண்டும், பிள்ளைகளே. காற்றே ஓடாத நெஞ்சில் விசிலும் இருக்காது.

டியூட்டி டாக்டர் வந்தார். சின்ன வயது, நிதானமானவர். நான் கெஞ்சியதால் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "கரியமில வாயு நார்மலாத்தான் இருக்குதுங்க அம்மா. தம்பி களைச்சுத் தூங்கறாப்பல. நீங்க வெளிய கொஞ்சம் உக்காருங்க." இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு நாம் வார்டில் ஒரு பெயர் வைத்திருப்போம். அவர் கண்ணில் அந்தப் பெயர் தெரிந்தது.

"டாக்டர், அவன் விட்ட மூச்சு வேகத்துக்குத் தொட்டி காலியா இருக்கணும்" என்றேன். "ரெண்டு மோட்டார் போட்டு எறைச்சும் மட்டம் எறங்கலன்னா, அது நார்மல் இல்ல. மோட்டார் படுக்கப் போகுது."

டாக்டர் புரியாமல் பார்த்தார். பின்னால் கதவோரம் நின்ற மூர்த்தி கேட்டார்: "தொட்டியா சிஸ்டர்?"

"ஆமா மூர்த்தி. நெறையுது."

அவர் முகத்திலிருந்து நிம்மதி இறங்கிப் போனதைப் பார்த்தேன். நேராக டாக்டரிடம் வந்து கையைக் கூப்பினார். "சார், திரையில நூறு பாத்துட்டு எங்கய்யன அனுப்பி வெக்கப் பாத்தவனுங்க நான். இந்தம்மா சொல்றத ஒருக்கா கேளுங்க. கோவிச்சுக்காதீங்க."

அந்த டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். ஜோயலின் தோளைக் கிள்ளினார். "சரிங்க டாக்டர்" என்றான் அவன், எதற்கு என்றே தெரியாமல். டாக்டர் நிமிர்ந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருட வேலையில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது. நீங்களும் இதையே கேட்கப் பழகுங்கள்.

"எப்பவுமே இப்படித்தான் பேசுவாருங்களா?"

"டாக்டர், பொறந்ததுல இருந்து இவன் என்னை ஒரு தடவகூட நீங்கன்னு கூப்பிட்டதில்ல."

அவர் போனை எடுத்தார்.

நான் வேலை பார்த்த, இப்போது நீங்கள் இருக்கும் ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டர் ஆம்புலன்சோடு வந்துகொண்டிருந்தார். மூர்த்தி ரோட்டுக்குப் போய் நின்று வழி ஏற்படுத்தினார். டியூட்டி டாக்டர் மருந்தை ஏற்றிக்கொண்டே கருவிகளை எடுத்து வைத்தார். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை இவனைத் தூங்கவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி சண்டை இழுப்பது. முடி வெட்டியது கேவலமாக இருக்கிறது என்றேன். பேசாமல் இருந்தான். உன் சினேகிதன் ஒரு பயலும் எட்டிப் பார்க்கவில்லை என்றேன். தலையை ஆட்டினான். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அவன் உயிரே அதில்தான் இருக்கிறது.

"ஏல, ஒன் பைக்க வித்துட்டேன்."

"சரிங்கம்மா" என்றான்.

அப்போதுதான் அழுதேன்.

மயக்க மருந்து டாக்டர் உள்ளே வந்ததும் திரையைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ இரவுகள் அவர் பக்கத்தில் நின்று, தொண்டைக்குள் இறக்கும் மூச்சுக் குழாயை எடுத்து நீட்டியிருக்கிறேன். "இன்னைக்கு நீங்க வெளிய நில்லுங்க சிஸ்டர்" என்றார். போய் நின்றேன். மூர்த்தி எனக்கு ஓர் இளநீர் வாங்கி வந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்; குடித்ததாக ஞாபகமில்லை.

அடுத்து வந்த நாள்களில் மெஷின் அவனுக்காக மூச்சு விட்டது. இது நம் வார்டில். உங்களில் பலர் அப்போது இருந்தீர்கள். நெஞ்சு மெல்ல இளகியது. வெளி பெஞ்சில் சும்மா உட்கார முடியாமல், டியூட்டியில் இருந்த உங்களில் ஒருத்தியைப் பிடித்துச் சாயப்பட்டறைப் பெரியவர் கதையைச் சொன்னேன். மரியாதை குறைந்தால் டாக்டரைக் கூப்பிடு என்றும் சொல்லி வைத்தேன். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். பெயர் சொல்லமாட்டேன். இப்போது யார் சிரிக்கிறாளோ அவள்தான்.

குழாயை எடுத்த அன்று அவள்தான் அவன் பக்கத்தில் நின்றாள். நான் கால்மாட்டில் நின்றேன். அவன் கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரலில் கிளிப்.

"எளவு" என்றான், கரகரத்த குரலில். "இத மொதல்ல கழத்துங்க யாராவது. அறிவில்ல?"

அவள் வெளியே ஓடினாள். "சார், பேஷன்ட் மரியாதை இல்லாமப் பேசறாருங்க. மறுபடி கரியமில வாயு ஏறுதுங்க போல" என்று அவள் கத்தியது எனக்கு உள்ளே கேட்டது. மயக்க மருந்து டாக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கழுவாத கையோடு ஓடி வந்தார். அவன் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, எப்படி இருக்கு?"

"ஊரே எதுக்குக் கூடியிருக்கு? நான் என்ன சினிமாவா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இவனுக்கு இதுதான் நார்மல்" என்றார்.

அப்போது அவன் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். கண் நன்றாகத் திறந்திருந்தது. நாலு பத்துக்கு எங்கோ போன என் மகன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். வந்ததும் கேட்டான்:

"ஏம்மா, பைக்க யாருட்ட வித்த?"